நிலுவையில் இருந்த ஒரு மனு

செய்தி வந்தபோது நான் ஏழாம் வகுப்பில் பின்னங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பில் போனைத் தொடக்கூடாது என்பது எங்கள் பள்ளியின் விதி. மேசைமேல் அது விடாமல் அதிர்ந்ததால் எடுத்துப் பார்த்தேன். நம் சின்னக் கார் வாட்ஸ்அப் குழுவில் சாந்தமதி அக்காவின் தம்பி எழுதியிருந்தார்: 'சாந்தமதி இன்று காலை மாரடைப்பால் காலமானார். வேங்கிக்கால் வீட்டிலிருந்து பொழுது சாய்வதற்குள் எடுக்கிறோம்.' அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகளுக்கு நடுவில், மேலே என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் ஒருவர் கேட்டிருந்தார்: 'அக்கா, காலைல இருந்து செல்ஃப் எடுக்கல. டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது. இன்னா பண்றது?'

நான் அவருக்குப் பதில் எழுதினேன். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள், துடைத்து இறுக்கிவிட்டு முயற்சி செய்யுங்கள் என்று. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதிக் கணக்குகளைப் போட்டு முடித்தேன். மணி அடித்தது, அடுத்த வகுப்புக்குப் போனேன். சாயங்காலம் வேங்கிக்கால் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. ஒரு மாதம் ஆகிறது, இன்னும் வரவில்லை.

அக்காவைப் பற்றி எழுதச் சொல்லி நீங்கள் எல்லோரும் என் தலையில் கட்டினீர்கள். 'டீச்சருக்குத்தான் எழுத வரும்' என்றீர்கள். கணக்கு டீச்சருக்கு என்ன எழுத வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. போகட்டும், எழுதுகிறேன். ஆனால் இதில் அக்காவின் பெருமை மட்டும் இருக்காது. ஏழுமலையின் வண்டி விஷயத்தில் நான் அக்காவிடம் ஒரு பொய் சொன்னேன். அவர் இருந்தவரை அதைத் திருத்தவில்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடப் போகிறேன். பாதியில் படிப்பதை நிறுத்துகிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா மெக்கானிக் இல்லை. ஸ்பேனர் பிடித்ததே இல்லை. அரசு அலுவலகத்தில் பொதுமக்கள் கொடுக்கும் மனுக்களை வாங்கி, எண் போட்டு, உரிய இடத்துக்கு அனுப்பி, பதில் வரும்வரை விடாமல் கேட்கிற வேலை அவருக்கு. நம் வண்டியைத் தயாரித்த கம்பெனி அதைக் கைவிட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஊரில் முப்பது பேரிடம் அது இருந்தது. முப்பது பேரும் ஒரே நேரத்தில் புலம்பினால் யாருக்கு என்ன கோளாறு என்று எப்படித் தெரியும்? ஆகவே அக்கா ஒவ்வொரு புகாரையும் ஒரு மனுவாக எடுத்துக்கொண்டார். அதற்கு ஒரு எண். கோளாறு தீர்ந்தால் 'முடிவு செய்யப்பட்டது.' தீராவிட்டால் 'நிலுவை.' ஒரு பெரிய நோட்டில் ஆபீஸ் தமிழில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். 'மனுதாரரின் வாகனம் இரண்டாவது கியரில் திணறுவதாகத் தெரிவிக்கிறார்' என்று அவர் எழுதியதைப் படித்துவிட்டு நான் சிரித்திருக்கிறேன். அவர் சிரிக்கமாட்டார்.

"வண்டிக்கு வாய் இல்ல டீச்சர். ஓனர் வாயாலதான் அது பேசணும். அதனால ஓனர் சொல்றத அப்படியே எழுதணும், நம்ம சரக்க அதுல சேக்கக்கூடாது" என்பார்.

ஒரு லாட்ஜ்காரரின் வண்டி எப்போதும் ஒரே திருப்பத்தில் நின்றது. அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார், பூசணிக்காய் உடைத்தார். வண்டி மறுபடியும் அங்கேயே நின்றது. குழுவில் ஆளாளுக்குக் கேலி செய்தோம். அக்கா மட்டும் கேட்டார்: "நிக்கும்போதெல்லாம் டேங்க்ல பெட்ரோல் எவ்ளோ இருந்துச்சு?" எப்போதும் ரிசர்வில்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். திருப்பத்தில் இருக்கிற கொஞ்சமும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட, இன்ஜினுக்குப் போகவில்லை. "எலுமிச்சம்பழம் வெச்சது தப்பில்ல சார். கூடவே ரெண்டு லிட்டர் பெட்ரோலும் போட்டுக்கங்க" என்று பதில் எழுதி மனுவை முடித்தார். லாட்ஜ்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. அக்கா சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் கொஞ்ச நேரம் அவர் பதில் போடமாட்டார். சமணக் குடும்பம், பொழுது இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். நடுரோட்டில் வண்டி நின்றுபோய்க் கூப்பிட்டாலும், "பத்து நிமிஷம் நிழலா பாத்து நில்லுங்க, தட்டுல கை வெச்சுட்டேன்" என்பார். சரியாகப் பத்தாவது நிமிடம் அவரே கூப்பிடுவார்.

அவர் கண்டுபிடித்ததில் பெரியது கிரிவலக் கோளாறு. உங்களில் பாதிப் பேர் அதில் மாட்டியவர்கள்தான். பௌர்ணமியை ஒட்டி முன்னும் பின்னும் நாலைந்து நாட்கள் நம் குழுவில் சூட்டுப் புகார்கள் குவியும். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகிறது, தண்ணீர் கொதிக்கிறது, ஆவி வருகிறது. வெயில் என்றோம், கலப்படப் பெட்ரோல் என்றோம், பழைய வண்டி அப்படித்தான் என்றோம். அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். "அதுக்கு மொத நாள் எங்க போனீங்க?" யாரும் அதைப் புகாரில் எழுதியிருக்கவில்லை. மலையைச் சுற்றி வருவதையெல்லாம் ஒரு பயணம் என்று யார் சொல்வார்கள்? பௌர்ணமிக் கூட்டத்தில் நடக்க முடியாத பெரியவர்களை, வேறொரு நாளில் வண்டியில் உட்காரவைத்துச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். வேகமாகப் போனால் புண்ணியம் இல்லை என்று முதல் கியரிலேயே, நடக்கிற வேகத்தில் உருட்டியிருக்கிறார்கள். எட்டு லிங்கத்திலும் நிறுத்தி, எட்டு முறையும் சூட்டோடு சூடாக இன்ஜினை அணைத்திருக்கிறார்கள். நம் வண்டியில் சாவியைத் திருப்பினால் ஃபேனும் நின்றுவிடும். ரேடியேட்டரில் இருப்பதோ போர்வெல் தண்ணீர், அதன் உப்புப் படிந்து பாதி அடைத்திருக்கும். பிறகு எப்படித் தாங்கும்?

அக்கா யாரையும் போகாதே என்று சொல்லவில்லை. "சாமி கும்பிடறது உங்க இஷ்டம். லிங்கத்துக்கிட்ட வண்டிய அணைக்காதீங்க, ஓடட்டும். முள்ளு பாதிக்கு மேல ஏறினா ஓரமா நிறுத்தி ஆறவுடுங்க. கொதிக்கும்போது பச்சத் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, ஹெட்டு வளைஞ்சுபோயிடும்." ஹெட் என்பது இன்ஜினின் மேல்மூடி. இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பச் சொன்னார். எழுதி அனுப்பியவள் நான்.

அதை அனுப்பி நாலு மாதம்கூட ஆகவில்லை. அம்மா வேண்டுதல் என்றார். முழங்கால் போய்விட்டது, வண்டியில்தான் சுற்ற வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினோம். நிருதி லிங்கம் தாண்டியதும் முள் பாதியைக் கடந்தது. "கொஞ்ச நேரம் நிறுத்தட்டுமாம்மா?" என்றேன். "பாதியில நிறுத்தக்கூடாதுடி, வேண்டுதல்" என்றார். வருண லிங்கத்தில் முள் சிவப்பைத் தொட்டது. அம்மாவோடு வாதாடப் பொறுமையில்லை, பள்ளிக்கு வேறு நேரமாகிறது, ஓட்டிவிட்டேன். வாயு லிங்கத்தருகே முன்னால் புகையாக எழும்பி வண்டி நின்றது. சுற்றி நின்றவர்கள் தண்ணீர் ஊத்துங்க, தண்ணீர் ஊத்துங்க என்று கத்தினார்கள். கையில் இருந்த பாட்டிலைக் கவிழ்த்தேன். உள்ளே ஏதோ டக் என்று கேட்டது. என் கையால் எழுதி முப்பது பேருக்கு அனுப்பியதை என் கையாலேயே மீறினேன்.

நம்மில் எல்லோரும் மெக்கானிக் ரஃபீக் பாயிடம்தான் வண்டியை விடுவோம். நான் விடவில்லை. பாயிடம் விட்டால் அன்று மாலையே அக்காவுக்குத் தெரிந்துவிடும். முப்பது பேருக்கு எச்சரிக்கை அனுப்பிய டீச்சரே வண்டியைக் கொதிக்கவிட்டாள் என்று குழுவில் சிரிப்பார்கள். வேறு ஊருக்கு இழுத்துக்கொண்டு போய், தெரியாத ஒரு பட்டறையில் இன்ஜினைப் பிரிக்கவைத்தேன். ஹெட்டைக் கழற்றி லேத்துப் பட்டறையில் கொடுத்து மட்டம் பார்க்க நாலு நாள் ஆகும் என்றார்கள். அவசரம், அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் தகட்டை மட்டும் மாற்றிப் பூட்டிக்கொடுங்கள் என்று சொன்னது நான்தான்.

அடுத்த மாதம் வண்டியை விற்க நினைத்தேன். வாங்குகிற ஆளை அக்காவே கொண்டுவந்தார். ஏழுமலைக்கு அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் தேங்காய், கற்பூரம், தண்ணீர் பாட்டில் விற்கிற கடை. மனைவிக்கு வாரத்தில் இரண்டு நாள் ஊருக்குள் வந்து டயாலிசிஸ். பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியவில்லை, அதற்காகத்தான் வண்டி. "டீச்சர் வண்டி, கண்ண மூடிட்டு வாங்கு" என்று அக்கா அவரிடம் சொன்னார். ஏழுமலை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இன்ஜின் பிரிக்காத வண்டிதான டீச்சர்?" ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு பெரிய பொய்யாகவே தோன்றவில்லை. வண்டி நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று மாதத்தில் ஏழுமலையின் மனு வந்தது. தண்ணீர் குறைகிறது, எங்கேயும் ஒழுகவில்லை. காலையில் வெள்ளைப் புகை. அக்கா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், உங்க கையில இருக்கும்போது இன்ஜின எப்பவாச்சும் பிரிச்சீங்களா?"

"இல்லக்கா."

"சூடு ஏறிச்சா? ஒரு தடவையாச்சும்?"

"இல்லக்கா."

எழுதிக்கொண்டார். இன்னும் நாலு கேள்வி வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. "பொழுது இருக்கு, ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டேன்.

பிறகு நடந்ததையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ரேடியேட்டர் மூடி மாற்றினார்கள். ஹோஸ் மாற்றினார்கள். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன் மோட்டார் எல்லாம் மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு பத்து நாள் சரியாக ஓடும், மறுபடியும் தண்ணீர் குறையும். ஒருமுறை டயாலிசிஸுக்கு வருகிற வழியிலேயே நின்றுபோய், ஏழுமலை மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நாளாக நாளாக அந்தக் கேள்விதான் பெரிதாகிக்கொண்டே போனது.

பாய் பட்டறையில் ஒரு நாள் நாங்கள் மூவரும் நின்றிருந்தோம். பாய் இன்ஜினைத் தொட்டுக் காட்டினார்.

"அக்கா, இது பிரிச்ச இன்ஜின். போல்ட் தலையப் பாருங்க, ஸ்பேனர் பட்ட தடம் இருக்குது. கழட்டி ஹெட்ட லேத்துல குடுத்துடலாம்."

"டீச்சர் பிரிக்கலன்றாங்க பாய். அவங்கதான் மொத ஓனரு. கை படாத இன்ஜின பிரிச்சுட்டா அப்புறம் சீந்துவாரு இருக்கமாட்டாங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் ஆயில் டப்பாக்களைப் பார்த்தேன்.

"கண்ணால பாக்கறத வுட்டுட்டு வாயால சொல்றத நம்புறீங்களே" என்றார் பாய்.

அக்காவின் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "ஓனர் சொல்றத நானே நம்பலன்னா, நாளைக்கு எவன் எங்கிட்ட வந்து நெசத்த சொல்லுவான்?"

"அப்ப நீங்களே பாத்துக்கங்க" என்று பாய் கைத்துணியை வீசிவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஏன் என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டீர்கள். தெரியாது என்று சொன்னேன். அக்காவை எடுத்த அன்று பாய் வாசலுக்கு எதிரே, ரோட்டின் அந்தப் பக்கம் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. நான் அவரைக் கடந்துதான் போனேன், நின்று ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் அக்காவின் தம்பி நோட்டை என்னிடம் கொடுத்தார். எல்லோருக்கும் பயன்படும், பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள் என்றார். போட்டேன், பார்த்திருப்பீர்கள். ஏழுமலையின் பக்கங்களை மட்டும் போடவில்லை. அது மட்டும் பதினோரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அவர் மறக்காமல் எழுதியிருந்தார்: 'இன்ஜின் பிரிக்கப்படவில்லை, சூடு ஏறவில்லை. முந்தைய உரிமையாளர் கூற்று. எனவே வேறு காரணம் தேடுக.' கடைசியாக எழுதியது அவர் போவதற்கு ஐந்து நாள் முன்பு. அந்த நோட்டில் நிலுவை என்று நின்றுபோனது அது ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலைக்குப் போனேன். ஏழுமலை கடையில் தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். "குந்துங்க டீச்சர்" என்று ஸ்டூலைத் தள்ளினார். நின்றபடியே சொன்னேன். செவ்வாய்க்கிழமை, வாயு லிங்கம், பச்சைத் தண்ணீர், வெளியூர்ப் பட்டறை, லேத்தில் கொடுக்காத ஹெட், எல்லாவற்றையும். வகுப்பில் பாடம் சொல்கிற குரலில்தான் வந்தது. அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. அடுக்கி முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், இப்ப வந்து சொல்றீங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"போன மாசம் அக்கா வந்தாங்க. இதே ஸ்டூல்லதான் குந்தினாங்க. வண்டிய சுத்திச் சுத்திப் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, 'ஏழுமல, எனக்கு வயசாயிடுச்சுபோல. எல்லாரும் நெசத்ததான் சொல்லியிருக்காங்க, எல்லாத்தையும் எழுதியும் வெச்சிருக்கேன். இருந்தும் எனக்குப் புடிபடல. என் மூளதான் மழுங்கிப்போச்சு. இனிமே எம்பேச்ச கேட்டு யாரும் வண்டில கை வெக்கக்கூடாது'னு. கண்ணு கலங்கிடுச்சு அவங்களுக்கு. வண்டி போனா போவுது டீச்சர். அவங்க அப்படி நெனச்சுக்கினே போயிட்டாங்க பாருங்க."

உள்ளே இருந்து அவர் மனைவி யார் என்று கேட்டார். "டீச்சர்" என்றார் ஏழுமலை. என் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, வந்து நின்ற ஆட்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பாய் ஏழுமலை வண்டியின் இன்ஜினைப் பிரித்தார். ஹெட் வளைந்திருந்தது. கண்ணால் பார்த்தாலே தெரிகிற அளவுக்கு. பாய் அதை என் பக்கம் திருப்பிக் காட்டவில்லை, ஒரு சாக்கில் சுற்றி லேத்துக்கு அனுப்பிவிட்டார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைசிக் காலத்தில் அக்காவுக்கு முன்போலப் பிடிபடவில்லை என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அப்படி இல்லை. கடைசி நாள்வரை அவர் மூளை சரியாகத்தான் இருந்தது. அவரிடம் கொடுக்கப்பட்டதுதான் பொய். கொடுத்தவள் நான்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று இப்படி எழுதும்போது கடைசியில் சொல்ல வேண்டுமாம். தன் கண்ணைவிட, பாயின் கண்ணைவிட, என் வாய்ச்சொல்லை அக்கா பெரிதாக நம்பினார். அந்த நம்பிக்கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க இனி ஆள் இல்லை.